மந்தையைக் காக்கும் நாய்க்கு யார் காவல்?

2025 ஜனவரியில் இந்தியாவின் கர்னால் நகரிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் தன் பதிவேட்டில் ஒரு நாயைச் சேர்த்துக்கொண்டது. இமாசலப் பிரதேசத்து மலைகளில் ஆட்டு மந்தைகளுக்குக் காவலிருக்கும் 'கத்தீ' நாய் அது. அந்தப் பதிவேட்டில் ஏறிய நான்காவது நாயினம். அதற்கு முன்பே இடம்பிடித்திருந்த மூன்றில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தமிழ்நாட்டவை, முதோல் கர்நாடகத்தது. பதிவான நேரத்தில் கத்தீ நாய்கள் தம் சொந்த மலையில் ஆயிரத்துக்கும் குறைவாகவே இருந்தன என்பது கணிப்பு.

திருகோணமலையில் இருப்பவருக்கு இது எங்கோ பனிமலையில் நடந்த சங்கதியாகத் தோன்றும். ஆனால் தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ மாட்டுப்பட்டி வைத்திருப்பவரிடம் போய், பட்டி வாசலில் படுத்திருக்கும் நாய் என்ன சாதி என்று கேட்டுப் பாருங்கள். "அது சும்மா ஊர் நாய்" என்றுதான் பதில் வரும். கத்தீ நாய்க்கும் 2025 வரை எந்தச் சான்றிதழும் இருக்கவில்லை. இடையர்கள் அதைத் தங்கள் நாய் என்று வளர்த்தார்கள், ராத்திரிக் காவலுக்கு விட்டார்கள், அதன் குட்டிகளை உறவுக்காரருக்குக் கொடுத்தார்கள். ஆவணம் ஏதும் இல்லாமலே அந்த இனம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அது ஏன் இப்போது ஆயிரத்துக்குள் சுருங்கியது என்பதே யோசிக்கவேண்டிய கேள்வி.

மலையேறும் மந்தை

கத்தீ என்பது முதலில் மக்களின் பெயர். சம்பா மாவட்டத்தின் பர்மோர் பகுதியும் காங்ரா பக்கமும் அவர்களுடைய ஊர்கள். கோடை பிறந்ததும் செம்மறியும் வெள்ளாடும் கலந்த மந்தையை ஓட்டிக்கொண்டு தவுலாதார் மலைத்தொடரின் கணவாய்களைக் கடந்து லாகுல், ஸ்பிதி பக்கத்துப் புல்வெளிகளுக்கு ஏறுவார்கள். பனி விழத் தொடங்கும்போது இறங்கி, அடிவாரக் காடுகளில் குளிர்காலத்தைக் கழிப்பார்கள். 'சோலா' எனப்படும் கம்பளி அங்கி, அதன் மேல் இடுப்பில் பல சுற்றாகச் சுற்றிய ஆட்டுமயிர்க் கயிறு: இதுதான் அவர்களின் உடை. வழியில் ஆடு குட்டி போட்டால், நடக்கத் தெரியாத அந்தக் குட்டியை இடையர் தம் அங்கியின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நடப்பார்.

இந்தப் பாதை முழுக்கச் சிறுத்தை உண்டு, கரடி உண்டு, உயரே போனால் பனிச்சிறுத்தையும் உண்டு. இரவில் மந்தை வெட்டவெளியில் படுக்கும். அதைச் சுற்றி ஆளுக்கொரு பக்கமாக நாய்கள் படுக்கும். கறுத்த அடர்ந்த மயிரும் தடித்த கழுத்தும் கொண்ட இந்த நாய்களின் கழுத்தில் அகலமான இரும்புப் பட்டை ஒன்று பூட்டியிருக்கும். அதில் வெளிப்பக்கமாகக் கூரான ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சிறுத்தை இரையின் தொண்டையைத்தான் கவ்வும், நாய் என்றால் அதற்கு விருப்பமான இரையும்கூட. தனி நாய்க்குச் சிறுத்தையைக் கொல்லும் வலு கிடையாது. முதல் கவ்வலில் சாகாமல் தப்பி, குரைத்து, மற்ற நாய்களையும் இடையரையும் எழுப்பிவிட்டாலே போதும், ஆடு பிழைத்துவிடும். அந்த ஒரு கணத்தை வாங்கித் தருவதுதான் இரும்புப் பட்டையின் வேலை.

ஓட்டுவது ஒன்று, காப்பது ஒன்று

மந்தை நாய் என்றதும் பலருக்கு ஆங்கிலப் படங்களில் வரும் போர்டர் கோலி நினைவுக்கு வரும். மேய்ப்பர் சீட்டியடிக்க, அது பதுங்கிப் பதுங்கி ஓடி, பார்வையாலேயே ஆடுகளை மிரட்டி ஒரு வாசலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். அது மந்தையை ஓட்டும் நாய். வேட்டை நாயின் குணத்தில் துரத்துவதை மட்டும் வைத்துக்கொண்டு, கடித்துக் கொல்வதைப் பல தலைமுறைத் தேர்வால் அடக்கி உருவாக்கப்பட்டது.

கத்தீ நாய் வேறு வகை. அது மந்தையை எங்கேயும் ஓட்டாது, மந்தையோடு மந்தையாகவே வாழும். ஆட்டைப் பார்த்தால் அதற்குத் துரத்தத் தோன்றாது, புதிதாக எதையாவது பார்த்தால்தான் எழும்பிக் குரைக்கும். துருக்கியின் கங்கால், திபெத்திய மஸ்டிஃப், இத்தாலியின் வெள்ளை மாரெம்மா எல்லாம் இந்தக் காவல் வகையைச் சேர்ந்தவையே.

இந்தக் குணம் பாதி இரத்தத்தில் வருகிறது, மீதிப் பாதி வளர்ப்பில் வருகிறது. அமெரிக்காவில் ரேமண்ட் கோப்பிங்கர், லோர்னா கோப்பிங்கர் என்ற தம்பதியர் 1970களின் பிற்பகுதியிலிருந்து காவல் நாய்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார்கள். குட்டி தன் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ நான்காவது மாதம்வரை எதனோடு பழகுகிறதோ அதையே தன் கூட்டமாக நினைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் ஆடுகளின் நடுவே வளர்ந்தால் ஆட்டுக்குக் காவலாகும். வீட்டு முற்றத்தில் வளர்ந்தால், எவ்வளவு சுத்தமான இனமாக இருந்தாலும் வீட்டு நாய்தான். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் பிறகு எந்தப் பயிற்சியாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

மந்தை போனால் நாயும் போகும் என்பதன் காரணம் இதிலிருந்து விளங்கும். கத்தீ இளைஞர்கள் பலர் இன்று படித்து, பட்டாளத்துக்கும் அரசு வேலைக்கும் போகிறார்கள். வருடத்தில் பாதி நாளை மழையிலும் பனியிலும் நடந்து கழிக்க எல்லாரும் விரும்புவதில்லை, அதில் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. மந்தைகள் குறையக் குறைய நாயின் தேவையும் குறைந்தது. மீந்த நாய்கள் ஊர் நாய்களோடும் நகரத்திலிருந்து வந்த வெளிநாட்டு இனங்களோடும் கலந்தன. எது நல்ல காவல் நாய் என்று பார்த்துப் பார்த்துக் குட்டி எடுத்துவைத்த கண் மெல்ல மறைந்தது. பாலம்பூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழகமும் கர்னால் பணியகமும் இப்போது செய்யத் தொடங்கியிருப்பது, எஞ்சியவற்றை அடையாளம் கண்டு பதிந்து, தக்க துணையோடு சேர்த்துப் பெருக்கும் வேலை.

ஒரு குதிரையும் இரண்டு ஆடும்

இப்படி அழிவின் விளிம்புவரை போய்த் திரும்பிய மந்தை நாய்கள் உலகில் உண்டு. அவற்றில் தெளிவான பாடம் ஐஸ்லாந்து நாட்டுடையது.

ஆயிரம் வருடங்களுக்கு முன் கப்பலில் குடியேறிய நோர்வேக்காரர்களோடு அந்தத் தீவுக்குப் போனது ஐஸ்லாந்து ஆட்டுநாய். சுருள் வாலும் நரி முகமும் கொண்ட சின்ன நாய். மலைகளில் சிதறி மேயும் ஆடுகளை இலையுதிர்காலத்தில் தேடிப்பிடித்து இறக்கிவர அது இல்லாமல் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் டிஸ்டெம்பர் என்ற நச்சுயிரி நோய் தீவுக்குள் புகுந்து நாய்களில் முக்கால்வாசியைக் கொன்றது. நாயில்லாத விவசாயி ஒரு நல்ல நாய்க்காக ஒரு குதிரையையும் இரண்டு ஆடுகளையும் கொடுத்த காலம் அது. 1901இல் வெளிநாட்டு நாய்களைக் கொண்டுவரவே தடை விதித்தார்கள்.

ஆனாலும் சரிவு நிற்கவில்லை. 1950களில் மார்க் வாட்சன் என்ற ஆங்கிலேயர் அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்தபோது பழைய நாயைக் காண்பதே அரிதாகிவிட்டிருந்தது. ஒதுங்கிய பள்ளத்தாக்குகளில், வெளியார் அதிகம் போகாத பண்ணைகளில்தான் அதன் சாயல் மிஞ்சியிருந்தது. அவர் சில நாய்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்க் குட்டி எடுத்தார், 1956இல் அந்த நாயைப் பற்றி நூலும் எழுதினார். வெளியிலிருந்து வந்தவர் இவ்வளவு அக்கறை காட்டியதும் உள்நாட்டாருக்கும் விழிப்பு வந்தது. 1967இல் சிக்ரிதூர் பெத்தூர்ஸ்தோத்திர் என்ற விவசாயப் பெண்மணி தன் பண்ணையில் முறையாகக் குட்டி எடுக்கத் தொடங்கினார். 1969இல் ஐஸ்லாந்து நாய்வளர்ப்போர் சங்கம் பிறந்தது. 1996இல் இந்த நாயுள்ள நாடுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு சர்வதேச அமைப்பை உண்டாக்கின. எந்த நாய் எந்த நாய்க்குப் பிறந்தது என்ற கணக்கு இன்று பல நாட்டு வளர்ப்பாளர்களுக்கும் பொதுவாக இருக்கிறது. வாட்சன் பிறந்த ஜூலை 18ஆம் திகதியை ஐஸ்லாந்தியர் தம் நாயின் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

எண்ணிக்கை மிகவும் கீழே போய்விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நோர்வேயின் லுண்டஹுண்ட் சாட்சி. அது மந்தை நாய் அல்ல. பாறை இடுக்குகளில் கூடுகட்டும் பஃபின் என்ற கடற்பறவையைப் பிடிக்க வளர்த்த ஆறுவிரல் நாய். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் மறுபடி 1960களிலும் டிஸ்டெம்பர் தாக்கியதில் ஆறே ஆறு மிஞ்சின. அவற்றிலும் ஐந்து ஒரே தாயின் பிள்ளைகள். இனம் பிழைத்தது, எண்ணிக்கையும் கூடியது. ஆனால் இரத்தம் ஒன்றாகவே இருந்ததால் சத்தை உறிஞ்ச முடியாத குடல் நோய் அந்த இனத்தையே பிடித்துக்கொண்டது. இனத்தூய்மையை விட்டுக்கொடுத்து, நெருங்கிய வேறு இனங்களின் இரத்தத்தை அளவோடு சேர்க்கும் திட்டத்தை நோர்வேக்காரர்கள் பின்னர் தொடங்கினார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்த இனங்களில் ஒன்று ஐஸ்லாந்து ஆட்டுநாய். ஒருகாலத்தில் தானே அழியவிருந்த நாய் இன்று இன்னொரு இனத்துக்கு உயிர்கொடுக்கிறது.

அழகுக்காக வளர்த்தால்

நம் மொழி பேசும் மண்ணிலேயே இதன் மறுபக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டு நாட்டு நாய்களுக்கு மதிப்பு குறைந்த காலத்தில், 1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் அரசே ஒரு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமாலய ஆட்டுநாய் என நான்கு நாய்களுக்கு முத்திரை வெளியிட்டது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டு நாய் என்று எல்லாவற்றின் மேலும் இளைஞருக்கு ஆசை கூடியது.

ஆசை நல்லதுதான், ஆனால் அது ஆபத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ராஜபாளையம் என்றால் பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் இருக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். நிறத்தைத் தரும் அணுக்கள் காதின் உட்பகுதிக்கும் தேவை. அவை முற்றாக இல்லாத வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வரும் வாய்ப்பு அதிகம், ராஜபாளையத்தில் இது அறியப்பட்ட குறை. காது கேளாத நாய் காவலுக்கு எதற்கு? வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலத்தில் அப்படிப்பட்ட குட்டி தன்னால் பின்தங்கியிருக்கும். படத்தைப் பார்த்து வாங்கும் காலத்தில் அதே குட்டிதான் அதிக விலைக்குப் போகிறது.

ஆகவே ஒரு மந்தை நாயைக் காப்பாற்ற நம்பகமான வழி, அதற்கு வேலை கொடுப்பது. நமீபியாவில் சிவிங்கிப்புலிகளைக் காக்க லோரி மார்க்கர் நிறுவிய அமைப்பு 1994இலிருந்து விவசாயிகளுக்குத் துருக்கியக் காவல் நாய்க் குட்டிகளை வளர்த்துக் கொடுத்துவருகிறது. ஆடு சாவது நின்றால் விவசாயி துப்பாக்கியைத் தூக்கமாட்டார் என்பதே கணக்கு. நாய் வாங்கியவர்களில் பெரும்பாலோரின் இழப்பு மிகப்பெரிய அளவில் குறைந்தது. ஒரே ஏற்பாட்டில் ஆடும் பிழைத்தது, புலியும் பிழைத்தது, நாய்க்கும் சோறு கிடைத்தது.

கொட்டியாரக் குடாவின் கரையில்

திருகோணமலை என்றால் உலகம் துறைமுகத்தைத்தான் அறியும். துறைமுகத்தின் முதுகுப்புறம் கால்நடை நாடு. மகாவலி தன் கிளைகளைப் பரப்பிக் கடலில் விழும் மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்களும், தம்பலகாமம், கந்தளாய் வயல்வெளிகளும், குச்சவெளிக் காட்டோரங்களும் மாடும் எருமையும் மேயும் தரைகள். மண்சட்டியில் உறைந்து கொழும்புவரை போகும் எருமைத் தயிருக்கு இந்தப் பட்டிகள்தான் பிறப்பிடம்.

கத்தீ இடையர் மலை ஏறி இறங்குவதைப் போல, இங்கும் வருடாந்தப் பெயர்ச்சி ஒன்று உண்டு. பெரும்போக விதைப்புக்கு முன் மாடுகளை வயல்பக்கத்திலிருந்து தூரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்ப்பார்கள். அறுவடை முடிந்ததும் வைக்கோலும் தாளும் கிடக்கும் வயலுக்குத் திருப்பி இறக்குவார்கள். காட்டோரத்தில் கட்டையும் முள்ளும் வைத்து அடைத்த பட்டி, பக்கத்தில் ஒரு வாடி, வாடிக்கு வெளியே நாய்கள். பகலில் தாய்மாடுகள் மேயப் போனபின் அடைத்துவைத்த கன்றுகளுக்கு நரியாலும் கட்டாக்காலி நாய்களாலும் ஆபத்து. இரவில் யானை வரும், கள்ளனும் வருவான். ஆள் எழும்புவதற்கு முன் எழும்புவது நாய்தான்.

இந்த நாய்க்குப் பெயரில்லை, இனமில்லை, யாரும் எண்ணியதுமில்லை. ஆனாலும் கன்றைக் கடிக்காத நாயைத்தான் பட்டிக்காரர் வைத்துக்கொள்கிறார். கடித்த நாய் பட்டியில் தங்காது. கங்காலையும் கத்தீயையும் உண்டாக்கிய தேர்வும் இதே தேர்வுதான். ஒவ்வொரு பட்டியிலும் தாய்நாயோடு திரிந்து பழகும் குட்டி, விதைநெல்லைப் போல, அடுத்த தலைமுறைக்கான அறிவைத் தனக்குள் வைத்திருக்கிறது.

இந்த மாவட்டம் அந்தத் தொடர்ச்சியை ஏற்கெனவே பலமுறை இழந்திருக்கிறது. போர் நடந்த ஆண்டுகளில் மந்தைகள் சிதறின. 2004 கடல்கோள் கரையோரத்தை அடித்துப் போனது. 2006இல் மூதூர் கிழக்கும் சம்பூரும் வெறுமையானபோது, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிய சனங்களால் மாடுகளைக் கொண்டுபோக முடியவில்லை. பின்னர் திரும்பி வந்தவர்கள் பட்டியை முதலிலிருந்து கட்டினார்கள். இன்று கிழக்கு மாகாணம் எங்கும் பண்ணையாளர்களின் பெரிய முறைப்பாடு மேய்ச்சல் தரை சுருங்குவது பற்றியது. தரை போனால் பட்டி போகும், பட்டி போனால் நாய் தெருவுக்கு வரும். தெருவுக்கு வந்த காவல் நாயின் மறு தலைமுறைக்குக் கன்றைத் தெரியாது.

செய்யக்கூடியவை

முதல் வேலை தடுப்பூசி. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ இருபது முப்பதாகக் குறைந்திருப்பதற்கு முக்கிய காரணம், அரசு இலவசமாகப் போடும் நாய்த் தடுப்பூசி. ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குப் போட்டால் நோய்ச்சங்கிலி அறும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊசி முகாம்கள் பெரும்பாலும் சந்தியிலும் பாடசாலை வளவிலும் நடக்கின்றன, பட்டியோ பல மைல் உள்ளே கிடக்கிறது. நரியோடு மோதும் நாய்க்குத்தான் ஊசி அதிகம் தேவை, ஏனெனில் நரியும் அந்த நோயைச் சுமக்கும். ஐஸ்லாந்தையும் நோர்வேயையும் உலுக்கிய டிஸ்டெம்பர் இங்கும் உண்டு. அதற்கான ஊசிக்குப் பணம் கட்டவேண்டும். பண்ணையாளர் சங்கங்கள் சேர்ந்து வாங்கினால் செலவு தாங்கக்கூடியதாகும்.

இரண்டாவது வேலை கணக்கெடுப்பு. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இருக்கிறது. மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் வைத்தியர்கள் மாட்டுக்கு ஊசி போட எப்படியும் பட்டிக்குப் போகிறார்கள். போகும்போது எத்தனை நாய், என்ன நிறம், எந்தப் பட்டியிலிருந்து வந்த குட்டி, கன்றோடு எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு பக்கம் எழுதிவைத்தால் போதும். அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். எழுதப்பட்ட பிறகுதான், இங்கே ஒரு தனி இனம் இருக்கிறதா, அல்லது நல்ல வேலைக்கார நாய்களின் கலவை இருக்கிறதா என்று விஞ்ஞானம் சொல்லமுடியும். எதுவாக இருந்தாலும் காக்கத் தகுந்ததுதான்.

மூன்றாவது, பட்டிக்கு வெளிநாட்டு நாயைக் கொண்டுவரும் ஆசையைத் தவிர்ப்பது. அல்சேஷனும் ரொட்வைலரும் இந்த வெயிலையும் உண்ணியையும் தாங்க அதிக பராமரிப்புக் கேட்பவை. அவை கன்றோடு வளர்ந்தவையும் அல்ல. பக்கத்துப் பட்டியில் நல்ல பெயரெடுத்த நாயின் குட்டியைக் கேட்டு வாங்கி, மூன்றாம் மாதத்துக்குள் கன்றுகளோடு விடுவதே மேல். ஒரே நாயின் குட்டிகளைத் திரும்பத் திரும்ப இணையவிடாமல் ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்வதும் அவசியம். லுண்டஹுண்டின் கதி வராமல் இருக்க அதுவே மருந்து.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மேய்ச்சல் தரை. அதைப் பெயர் குறித்து, எல்லை போட்டு, பண்ணையாளருக்கு உறுதிசெய்து கொடுக்காமல் நாயை மட்டும் காப்பாற்ற முடியாது. கர்னாலின் பதிவேடு கத்தீ நாய்க்கு ஒரு மரியாதையைத் தந்திருக்கிறது. அதன் எதிர்காலத்தை முடிவுசெய்யப்போவது அடுத்த கோடையில் எத்தனை மந்தைகள் கணவாய் ஏறுகின்றன என்பதுதான்.

திருகோணமலை மாவட்டத்தில் பட்டி வைத்திருப்பவர்களும் அவர்களுடைய உறவினர்களும் இதை வாசித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அடுத்த முறை போகும்போது மாட்டின் கணக்கோடு நாயின் கணக்கையும் சொல்லுங்கள். ஊசி போட வருபவர்களுக்குப் பட்டிக்குப் போகும் வழியைக் காட்டுங்கள்.